இரண்டு விரல் காலி

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. கல்யாணமான புதிதில் சிதம்பரம் கீழ வீதியில் வாங்கியது. பெரிய பாக்கெட் ஒன்றைப் பிரித்து உள்ளே அடுக்கினால் கழுத்து வரைக்கும் கச்சிதமாக நிற்கும். மூடியைத் திருகும்போது மேல் பிஸ்கட்டின் ஓரம் லேசாக நொறுங்கும். அப்படி ஒரு பொருத்தம்.

2024 தீபாவளிக்கு முந்தின வாரம். அதே கம்பெனி, அதே பாக்கெட், அதே கலர். அடுக்கி முடித்துப் பார்த்தால் மேலே இரண்டு விரல் இடம் காலி.

''யாரோ எடுத்துத் தின்னிருக்காங்க'' என்று என் மனைவி பையனைப் பார்த்தாள்.

''இப்பதானேம்மா பிரிச்சே... நான் எங்க எடுத்தேன்?'' என்று அவன் என்னைப் பார்த்தான். ராத்திரியில் டப்பாவைத் திறக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் நானும் கொஞ்சம் பம்மினேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் பாக்கெட்டின் மேல் சந்தேகம் வந்தது. குப்பைக்கூடையில் இருந்து காகிதத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தேன். கிராம் குறைந்திருந்தது. அச்சடித்தே இருந்தது.

இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிள்ளை, அப்புறம் புருஷன், கடைசியில்தான் பாக்கெட். பின்னால் இதற்கு வருகிறேன்.

தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய், ''இந்த பாக்கெட் சின்னதாயிடுச்சா அண்ணாச்சி?'' என்றேன்.

அவர் சிரித்தார். ''எது சார் சின்னதாகலை? நீங்க பேப்பர்காரரு, இப்பதான் கண்ணுல பட்டுதாக்கும்? சோப்பு, மிக்சர், பாத்திரம் விளக்குற கட்டி... விலை நட்டுவெச்ச கல்லு மாதிரி நிக்கும் சார். உள்ள இருக்கற சரக்குதான் நடந்துகிட்டே இருக்கும்.''

அண்ணாச்சி சொன்னது உலகம் முழுக்க நடக்கிற கதை. பார்லே-ஜி நாலு ரூபாய் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப் பேர் அதைத் தின்றுதான் வளர்ந்தோம். ஒரு தடவை ஐம்பது காசு ஏற்றிப் பார்த்தார்கள். விற்பனை சரிந்தது, இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் விலையைத் தொடாமல் கிராமைத் தொட்டார்கள். 2008-ல் நூறு கிராம் தொண்ணூற்றிரண்டரை ஆயிற்று, பிறகு எண்பத்தெட்டு. பின்னால் விலையும் ஐந்து ரூபாய் ஆகி, எடை ஐம்பத்தைந்து கிராம் வரைக்கும் இறங்கியது. 2022-ல் எண்ணெயும் பேக்கிங் செலவும் எகிறியபோது பத்து ரூபாய் விம் கட்டி 155 கிராமில் இருந்து 135 ஆனது. ஹல்திராமின் பத்து ரூபாய் ஆலு புஜியா 55-ல் இருந்து 42. இதெல்லாம் ரகசியமே இல்லை. பேப்பர்களில் வந்தது, கம்பெனிக்காரர்களே பேட்டியில் சொன்னார்கள். பங்குதாரர்களுக்குச் சொன்னார்கள், நிருபர்களுக்குச் சொன்னார்கள். பாக்கெட் வாங்குகிறவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உள்ளே நைட்ரஜன் அடைப்பது சிப்ஸ் நொறுங்காமல் இருக்க, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க. நியாயமான காரணம்தான். ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு கிண்டல் உண்டு. சிதம்பரத்தில் திரையை விலக்கி வெறும் ஆகாயத்தைக் காட்டுவார்கள். தங்க வில்வமாலை தொங்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. அதுதான் ரகசியம். ''நாங்க ஆகாசத்தைக் கும்பிடறோம், அவன் ஆகாசத்தை விக்கறான்'' என்று தெற்கு வீதி டீக்கடையில் ஒருவர் சொல்லக் கேட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதில் யாராவது பொய் சொன்னார்களா?

சொல்லவில்லை. எடை அச்சில் இருக்கிறது. விலை அச்சில் இருக்கிறது. 2011-ம் ஆண்டு விதிகளில், பிஸ்கட், டீத்தூள், காபித்தூள், சமையல் எண்ணெய், சோப்பு போன்ற சாமான்களை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போடவேண்டும் என்று ஓர் அட்டவணை இருந்தது. 2021 நவம்பரில் அறிவித்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. இனி எத்தனை கிராமில் வேண்டுமானாலும் போடலாம். பதிலுக்கு, ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் ஒரு கிராம் என்ன விலை, மேலே போனால் ஒரு கிலோ என்ன விலை என்று அச்சடிக்க வேண்டும். நல்ல விதிதான். உங்கள் வீட்டு பாக்கெட் எதையாவது எடுத்து அந்தக் கணக்கைத் தேடிப் பாருங்கள். 'ஒரு கிராம் 0.18 ரூபாய்' என்கிற மாதிரி ஒரு எறும்பு ஊர்ந்திருக்கும். போன மாதம் அது 0.16 ஆக இருந்ததா என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

நான் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் பி.காம். படித்தவன். மெர்க்கன்டைல் லா வகுப்பில் எங்களுக்கு முதலில் பிடித்துப்போன வார்த்தை 'கேவியட் எம்ப்டார்'. வாங்குகிறவனே, உஷார்! 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு. காலேஜ் கேன்டீனில் சமோசாவுக்குள் உருளைக்கிழங்கு இல்லையென்றால்கூட 'கேவியட் எம்ப்டார்' என்று கத்துவோம். அடுத்த பிரிவு, 17, அவ்வளவு பிரபலம் இல்லை. மாதிரி காட்டி விற்றால் சரக்கு மொத்தமும் அந்த மாதிரியின் தரத்தில் இருக்க வேண்டும், வாங்குகிறவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அவகாசம் தர வேண்டும் என்பது அது. நெல் வியாபாரி ஒரு கைப்பிடியைக் காட்டிவிட்டு மூட்டையில் வேறு நெல்லைப் போடக்கூடாது.

இப்போது யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். பாக்கெட் விஷயத்தில் மாதிரி என்பது என்ன? போன மாதம் வாங்கிய பாக்கெட்தான். அதைக் கண் பார்த்திருக்கிறது, கை தூக்கியிருக்கிறது, டப்பா அளந்திருக்கிறது. அதே கலர், அதே குழந்தைப் படம், அதே எழுத்து என்றால், 'போன தடவை வாங்கினதேதான்' என்று பாக்கெட் சொல்கிறது என்று அர்த்தம். முன்பக்கம் ஒன்று சொல்கிறது, பின்பக்கத்தின் சின்ன எழுத்து வேறொன்று சொல்கிறது. கோர்ட்டில் பின்பக்கம் ஜெயிக்கும். சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தம் என்பது அச்சடித்ததற்குத்தானே தவிர, என் மனைவியின் மனதில் இருந்ததற்கு இல்லை.

ஆனால் இந்தக் கம்பெனிகளே வருஷம் பூரா நம்மிடம் என்ன சொல்கின்றன? 'எங்கள் பெயரைப் பாருங்கள், போதும்.' 'மூன்று தலைமுறையின் நம்பிக்கை.' பிராண்ட் என்பதன் அர்த்தமே அதுதான். பாட்டி காலத்தில் பருப்பைக் கையில் அள்ளி, முகர்ந்து, கடித்துப் பார்த்து வாங்கினாள். பிராண்ட் வந்து, 'நீ பார்க்க வேண்டாம், உனக்காக நாங்கள் பார்த்தாயிற்று' என்றது. கோடிக் கோடியாகச் செலவழித்து நம் கண்ணை மூட வைத்தது. மூடியிருக்கும்போது பத்து கிராமை எடுத்துவிட்டு, கேட்டால், 'கண்ணைத் திறந்து பின்பக்கம் படித்திருக்க வேண்டியதுதானே?' என்கிறது. எனக்கு இந்த இடம்தான் ஜீரணமாகவில்லை.

ஒரு நிமிஷம். எதிர்க்கட்சிக்கும் பேச நேரம் கொடுக்க வேண்டும். அந்த எதிர்க்கட்சியின் தலைமையகம் எங்கள் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கிறது.

கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். கணக்கு வாத்தியாராக இருந்து, மருந்துகளை பேக்கிங் செய்கிற தொழிலுக்கு வந்தவர். டால்கம் பவுடர் டப்பாவில்தான் கிடைக்கும் என்றிருந்த காலத்தில் அதை 20 கிராம், 50 கிராம் பொட்டலமாகப் போட்டவர். பேதி உப்பு நூறு கிராம் பாக்கெட்டில் வந்தபோது ஐந்து கிராமாகப் போட்டவர். தான் செய்கிற சாமானைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். திரவத்தையும் அப்படிச் சின்ன உறையில் அடைக்கலாம் என்று கண்டுபிடித்ததில் பிறந்ததுதான் வெல்வெட் ஷாம்பு சாஷே. அவருடைய பிள்ளை சி.கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியாகக் கிளம்பி, அப்பா பெயரில் இருந்து எழுத்தெடுத்து 'சிக்' ஷாம்பு போட்டார். அதுதான் பின்னால் கெவின்கேர் ஆனது. காலி சாஷே ஐந்து கொண்டுவந்தால் ஒரு சாஷே இலவசம் என்று அவர் செய்த தந்திரம் இன்றைக்கும் எம்.பி.ஏ. வகுப்புகளில் பாடம். 1999-ல் ஐம்பது காசுக்கு ஷாம்பு கிடைத்தது. அதுவரை கிராமத்தில் தலைக்குக் குளிக்கிறவர்கள் சீயக்காயோ சோப்போ போட்டுக் குளித்தார்கள். பாட்டில் வாங்க முப்பது ரூபாய் ஒரேயடியாக யாரிடம் இருந்தது?

ஆக, பாக்கெட்டைச் சின்னதாக்குவது பாவம் என்றால் முதல் குற்றவாளி கடலூர். அது பாவம் இல்லை. இன்றைக்குக் கம்பெனிகள் சொல்லும் வாதமும் கிட்டத்தட்ட சின்னி கிருஷ்ணனுடையதுதான். ''தினக்கூலி வாங்கும் அம்மாவின் கையில் இருப்பது ஐந்து ரூபாய் நாணயம். நான் விலையை ஐந்தே முக்கால் ஆக்கினால் அவள் வாங்காமலே போய்விடுவாள். நாலு கிராம் குறைத்தால் பிள்ளைக்கு நாலு பிஸ்கட்டாவது கிடைக்கும்.'' இதில் உண்மை இருக்கிறது. நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்கள் சட்டென்று கண்டுகொள்ளாத உண்மை.

ஆனால் ஒரு வித்தியாசம். ஐம்பது காசு சாஷே தன்னைப் பாட்டில் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சின்னதாகவே பிறந்தது, சின்னது என்று சொல்லியே விற்றது. ராத்திரியோடு ராத்திரியாக இளைத்து, காலையில் பழைய சட்டையையே போட்டுக்கொண்டு வந்து நிற்கவில்லை.

இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அங்கே சில்லறையாக மீன் விற்கும் பெண்கள் பல பேர் தராசு வைத்துக்கொள்வதில்லை. கூறுதான். நூறு ரூபாய்க்கு ஒரு கூறு, இருநூறுக்கு ஒரு கூறு. விலை நூறிலேயே நிற்கும், கூறுதான் தினம் மாறும். வலை நிறைய வந்த நாளில் மத்தி மலை மாதிரி குவிந்திருக்கும். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் ஆரம்பித்து விசைப்படகுகள் 61 நாள் கரையில் நின்றால், அதே நூறு ரூபாய்க் கூறு உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும்.

''என்னக்கா, இம்மாத்தூண்டு வெச்சிருக்கே?''

''கடலைப் போய்க் கேளு சாமி! எனக்கென்ன குட்டி போடுதா?''

அவ்வளவுதான், தகராறு முடிந்தது. வேண்டுமானால் இரண்டு மீன் கூடப் போடச் சொல்லலாம், முனகிக்கொண்டே ஒன்று போடுவார். இல்லையென்றால் அடுத்த கூறைப் பார்க்கலாம். அந்தப் பெண் செய்வதும் பிஸ்கட் கம்பெனி செய்வதும் கணக்குப்படி ஒன்றுதான்: விலையை நிறுத்திவிட்டு அளவைக் குறைப்பது. ஆனால் கூறு திறந்து கிடக்கிறது. குறைந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். 'சின்னதாயிடுச்சே' என்று நான் கேட்பதற்கு அங்கே இடம் இருக்கிறது, பதில் சொல்ல ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். டீக்கடை வடையும் அப்படியே. வடை சின்னதானால் ஊரே சொல்லும். மாஸ்டரிடம், ''ஓட்டைதான் பெருசா இருக்கு'' என்று கிண்டல் செய்துவிட்டுத் தின்றுவிட்டுப் போவோம். குறைப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. குறைத்ததை நாம் கவனிக்கக் கூடாது என்று உட்கார்ந்து திட்டம் போடுகிறார்களே, பாட்டிலின் அடியைக் குழித்து, அட்டைப்பெட்டியின் உயரத்தை விட்டுவிட்டுக் கனத்தை மட்டும் மெலித்து... அந்த மெனக்கெடலைப் பற்றித்தான் புகார்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

1999. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு முதுநகரில் பெரியப்பாவின் மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கப் போவேன். நியூஸ் பேப்பரில் கூம்பு சுற்றி, சணலால் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுப்பேன். இரண்டு ரூபாய்ப் புளிப் பொட்டலம் நன்றாகப் போகும். ஐம்பது கிராம். அந்த வருஷம் புளி விலை ஏறியது. பெரியப்பா ஒரு காலையில் தராசுத் தட்டில் இருந்து ஐம்பது கிராம் கல்லை எடுத்துவிட்டு, இருபது கிராம் கல் இரண்டை வைத்தார்.

''எழுதிப் போட்டுடலாமா பெரியப்பா, நாப்பது கிராம்னு?'' என்று கேட்டேன். காமர்ஸ் மாணவன் இல்லையா.

''எழுதிப் போட்டா கேப்பாங்கடா'' என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. கடன் நோட்டில் எத்தனையோ பக்கங்களைக் கிழித்துப் போட்டவர். ராத்திரி கடையை அடைக்கும்போது அவராகவே சொன்னார்: ''ரெண்டரை ரூபான்னு சொன்னா வாங்காம போயிடுவாடா. இப்ப என்ன, குழம்பு கொஞ்சம் சப்புனு இருக்கும், அவ்ளோதானே?''

கருவாடு விற்கும் ஆயா ஒருத்தி தினமும் சாயங்காலம் வருவாள். இரண்டு ரூபாய்ப் புளி, ஒரு ரூபாய் மிளகாய், வெற்றிலை. பத்து நாள் கழித்து ஒருநாள், பெரியப்பா இல்லாத நேரம், கல்லாவுக்குக் கிட்டே வந்து மெல்லச் சொன்னாள்:

''தம்பி, எனக்குக் கை மறந்துபோச்சுடா.''

''என்ன ஆயா?''

''அம்பது வருஷமா வெக்கிற குழம்பு. அதே புளி, அதே சட்டி. புளிப்பே ஏற மாட்டேங்குது. மருமவ மூஞ்சியச் சுளிக்கிறா. பேரன் 'போ ஆயா'ன்றான். வயசாயிடுச்சுல்ல... கை போயிடுச்சு.''

எனக்குக் காது சூடாகிவிட்டது. சொல்லியிருக்கலாம், ஒரே வரிதான். நான் சொன்னது இது: ''இந்த வருஷம் புளியே அப்படித்தான் ஆயா.''

கவனியுங்கள். அந்த நிமிஷம் வரைக்கும் அந்தக் கடையில் யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. பொட்டலத்தின் மேல் எடை எழுதியிருக்கவில்லை, இரண்டு ரூபாய் என்றுதான் பேர். ஆனால் அவள் கேட்டதும் ஒரு முழுப் பொய் தேவைப்பட்டது. ரெடியாகவும் இருந்தது. அப்படியானால் அது பத்து நாளாகவே அந்தப் பொட்டலத்துக்குள் இருந்திருக்கிறது, கேட்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

பத்து கிராம் புளியின் விலை நாற்பது காசு. அதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது பெரிய விஷயமா என்று கேட்டால், இல்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது வேறு. ஐம்பது வருஷக் கை. அதன் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை. 'சப்புனு இருக்கும், அவ்ளோதானே' என்று பெரியப்பா கணக்குப் போட்டபோது, சப்பென்று ஆனதற்குப் பழி யார் மேல் விழும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அவளிடம், 'ஆயா, புளி விலை ஏறிடுச்சு, பொட்டலம் சின்னதாத்தான் வரும்' என்று சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள். திட்டிவிட்டு, ஒரு பொட்டலம் கூட வாங்கியிருப்பாள், அல்லது குழம்பில் ஒரு தக்காளி கூடப் போட்டிருப்பாள். வீடு நடத்தத் தெரிந்தவள். விஷயம் தெரிந்தால் சமாளித்திருப்பாள். தெரியாததால் தன்னைக் குறை சொல்லிக்கொண்டாள்.

இப்போது எங்கள் பிஸ்கட் டப்பாவுக்கு வாருங்கள். இரண்டு விரல் காலி என்றதும் எங்களுக்கு முதலில் சந்தேகம் வந்தது யார் மேல்? 'மாசத்துக்கு நாலு சோப்பு கரையுது, தண்ணியிலயே போட்டு வைப்பியா?' 'டீத்தூளை என்ன அள்ளியா கொட்டறே?' இந்தச் சண்டை நடக்காத வீடு உண்டா? எத்தனை வீடுகளில் மருமகள் ஊதாரி என்று பேர் வாங்கியிருக்கிறாள், எத்தனை வேலைக்கார அம்மாக்கள் பவுடரைத் திருடுகிறார்கள் என்று பேச்சு வாங்கியிருக்கிறார்கள். சோப்பு சின்னதாகிவிட்டது என்று கம்பெனி ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒரு சண்டை குறைந்திருக்கும்.

ஜெர்மன் தத்துவ மேதை கான்ட், 1785-ல் எழுதிய நூலில் ஒரு மளிகைக்காரரைக் கொண்டுவருவார். குழந்தை வந்து கேட்டாலும் பெரியவர் வந்து கேட்டாலும் அவர் ஒரே விலைதான் சொல்லுவார். நல்ல மனுஷர்போல் தெரியும். ஆனால் அது நேர்மையா, அல்லது பேர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்கிற சாமர்த்தியமா என்று கான்ட் கேட்பார். எனக்கு அவ்வளவு ஆழம் போதாது. சாமர்த்தியத்தால் வந்த நேர்மையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். எனக்கு மனசில் நிற்பது அந்தக் குழந்தை. ஐந்து ரூபாயைக் கைக்குள் மடக்கிக்கொண்டு வருகிற, 0.09 ரூபாய் என்றால் என்னவென்று தெரியாத குழந்தை. பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு முன்னால் நாம் எல்லோருமே கொஞ்சம் அந்தக் குழந்தைதான், நான் பி.காம். என்றாலும்.

அளவு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் ரொம்பக் கறார். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நெல் அளக்கிற மரக்காலுக்குப் பேர் 'ஆடவல்லான்'. அதாவது எங்கள் நடராஜர். இது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்றும் கல்லிலேயே வெட்டியிருப்பார்கள். அளவுக்கு சாமி பேரை வைத்தது பக்தியா அல்லது பயமுறுத்தலா தெரியாது. பட்டினப்பாலையில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பூம்புகாரின் வணிகர்களைப் பற்றி ஓர் இடம் வரும். வாங்கும்போது கூடுதலாக வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைக்கமாட்டார்கள், தங்கள் லாபம் எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் சொல்லி விற்பார்கள் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். பாட்டு கொஞ்சம் விளம்பரமாகக்கூட இருக்கலாம். சோழ ராஜாவைப் பாடிப் பரிசு வாங்க வந்த புலவர்தானே. ஆனாலும் எதைப் பெருமை என்று நினைத்தார்கள் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. குறைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. பிஸ்கட், சோப்பு, ஷாம்புக்கெல்லாம் 18 சதவிகிதம் 5 ஆயிற்று. விலையைக் குறைத்தே ஆகவேண்டும். ஐந்து ரூபாய் பிஸ்கட் 4 ரூபாய் 45 பைசா, ஒரு ரூபாய் மிட்டாய் 88 பைசா என்றெல்லாம் அச்சானது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசும் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்ட நாட்டில் 88 பைசா! அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் பல கம்பெனிகள் பழைய ஐந்துக்கும் பத்துக்கும் திரும்பி, எடையை ஏற்றித் தருகிறோம் என்றன. அப்படி ஏற்றும்போது மட்டும் பாக்கெட்டைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பக்கத்தில், மஞ்சள் நட்சத்திரத்துக்குள், கொட்டை எழுத்தில், 'கூடுதல்!' குறைத்ததைச் சொல்ல இடமில்லாத அதே அட்டையில் ஏற்றியதைச் சொல்ல எவ்வளவு இடம்!

வெளிநாட்டில் இந்த இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். பிரான்ஸில் 2024 ஜூலையில் இருந்து, அளவு குறைந்து விலை குறையாத சரக்கு எதுவென்று பெரிய கடைகள் அலமாரியில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு. தென்கொரியாவில் அதே வருஷம் ஆகஸ்டில் இருந்து, குறைத்தால் மூன்று மாதத்துக்கு அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். குறைக்காதே என்று இரண்டு நாடும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குறை என்கின்றன. நம் ஊரிலும் நட்சத்திரம் போட அட்டை இருக்கிறது. 'முன்பு 100 கிராம், இப்போது 88' என்று மூன்று மாதம் முன்பக்கத்தில் போடச் சொல்வதற்கு ஒரு திருத்தம் போதும். விற்பனை குறையும் என்பார்கள். குறையலாம். அது தெரிந்துதானே இத்தனை நாள் சொல்லவில்லை?

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். ''நீங்களே கடையில ஒரு சிலேட்டுல எழுதிப் போடுங்களேன், எந்தெந்த பாக்கெட் குறைஞ்சிருக்குன்னு.''

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். ''எழுதிப் போட்டா ஏஜென்சிக்காரன் சரக்கு இறக்குவானா சார்? அதுவும் போக, ஜனங்க கம்பெனியவா கேப்பாங்க? என்னையத்தான கேப்பாங்க.''

பெரியப்பா சொன்ன அதே வார்த்தை. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? பெரியப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆயா அதற்கும் முன்னாலேயே. அந்த லீவு முடிந்து நான் சிதம்பரம் ரயிலேறும்வரை பொட்டலம் நாற்பது கிராம்தான். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அதற்கப்புறம் இரண்டு லீவு கிடைத்தது. சொல்லவில்லை.

டப்பாவை மனைவி தூக்கிப் போடவில்லை. மார்க்கர் பேனாவால் காலி இடம் ஆரம்பிக்கும் மட்டத்தில் ஒரு கோடு கிழித்து, '2024 தீபாவளி' என்று எழுதி வைத்தாள். பையன் உயரத்துக்குச் சுவரில் போடுவோமே, அந்த மாதிரி. இப்போது அதற்குக் கீழே இன்னொரு கோடு இருக்கிறது. ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு நடுவில் ஒரு கோடு வந்தது. புது பாக்கெட் பிரிக்கிற அன்றைக்கு பையன்தான் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வருகிறான்.